ஒன்றரை ஷிப்ட்: ஒரு கழகக்காரியின் நாட்குறிப்பு

16 ஏப்ரல் 2023, ஞாயிறு, திருப்பூர்

காலையிலிருந்து உறுப்பினர் சேர்க்கை. ஒரு கோடிப் புது உறுப்பினர்களைச் சேர்க்க வேண்டும் என்று திமுக தலைமை சொல்லியிருக்கிறது. எங்கள் வீதிகளில் ஞாயிற்றுக்கிழமையை விட்டால் யாரையும் பிடிக்க முடியாது. எல்லாரும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். வெடியால எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே வருவார்கள்.

ஓர் அக்கா துணி அலசிக்கொண்டிருந்தார். கையை முந்தானையில் துடைத்துவிட்டு வந்து படிவத்தில் கையெழுத்துப் போட்டார். "பஸ்ஸுக்குக் காசு வாங்கறதில்ல பாரு கண்ணு, அதுக்காகவே போடறேன்" என்றார். அந்தக் காசில் பேத்திக்குப் பால் வாங்குகிறாராம். இப்படி ஒன்றைக் கேட்டால் அன்றைக்கு முழுக்க நடக்கலாம் போலிருக்கும். மொத்தம் 24 படிவம்.

21 ஏப்ரல், வெள்ளி

மாலை டீக்கு விட்டபோது செல்போனில் செய்தி. சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலை மசோதா நிறைவேறிவிட்டது. முதலில் கர்நாடகச் செய்தி என்று நினைத்தேன். பிப்ரவரியில் அங்கே பாஜக அரசு இதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தது, அதைத் திட்டி நானே நாலு பேருக்கு அனுப்பியிருந்தேன். மறுபடி படித்தேன். நம் சட்டமன்றம்தான். நம் அமைச்சர்தான். கூட்டணியில் இருக்கும் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் வெளிநடப்பு செய்திருக்கின்றன.

1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 65ஏ என்று புதிதாக ஒரு பிரிவைச் சேர்க்கிறார்கள். அது வந்தால் வேலை நேரக் கட்டுப்பாடுகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கும் அரசு விலக்குக் கொடுக்கலாம். வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, நாலு நாள் வேலை பார்த்துவிட்டு மூன்று நாள் லீவு எடுத்துக்கொள்ளலாம், விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று அமைச்சர் விளக்கம் சொல்கிறார்.

எனக்குக் கை நடுங்கியது. ஆனால் கம்பெனியில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் பேட்லாக் தையல் மிஷினில் இருக்கும் தம்பி கேட்டான்: "நாம இப்பவே பன்னெண்டு மணி நேரந்தானுங்க்கா பாக்கறோம்? புதுசா என்ன பண்ணிருவாங்க?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே ரோசனை.

22 ஏப்ரல், சனி

ரம்ஜான். கம்பெனியில் பாதி மிஷின் காலி. இன்று சம்பள நாளும்கூட.

தம்பிக்குப் பதில் என் கையிலேயே இருந்தது. ஷிப்ட் கார்டு. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் அட்டை, வாரத்துக்கு ஆறு கட்டம். சூப்பர்வைசர் நீல மையில் எழுதுவார். இந்த வாரம் என் கார்டில் 1½, 1½, 1, 1½, 1½, 1½. கூட்டினால் எட்டரை ஷிப்ட். காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை ஒன்று. அதற்கு மேல் ராத்திரி எட்டரை வரை இருந்தால் அரை.

கார்டை அவன் மிஷின்மேல் வைத்தேன். "இந்த ½ இருக்குதல்ல, இதுதான் போகப்போவுது. பன்னெண்டு மணி நேரமும் ஒரு நாள் வேலைன்னு சட்டம் சொல்லிட்டா இந்தக் கட்டத்துல என்ன எழுதுவாங்க?" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணு" என்றான். அப்புறம் அவனே, "மூணு நாள் லீவு எவனுங்க்கா குடுப்பான், ஷிப்மெண்ட் நேரத்துல?" என்றான்.

அந்த அரை ஷிப்ட்கூட நியாயமான கணக்கு கிடையாது. சட்டப்படி நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதைத் தாண்டினால் 59ஆவது பிரிவின்படி இரட்டைச் சம்பளம். எங்கள் கம்பெனியில் யாரும் இரட்டைச் சம்பளத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. இருந்தாலும் சட்டத்தில் அது இருக்கிறது, என்றைக்காவது கேட்கலாம் என்று ஒரு பிடி இருந்தது. இந்த மசோதா அந்தப் பிடியையும் எடுத்துவிடும்.

பொழுதோட வட்டச் செயலாளர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். நல்ல மனிதர், கொரோனா சமயத்தில் ஒடிசாப் பையன்களுக்கு இவர் வீட்டு அடுப்பில்தான் சோறு வெந்தது. வாசலிலேயே நின்று பேசினோம்.

"ஆட்சி நம்முது அம்மணி. நாமளே எதுத்து எழுதினா வெறும் வாயை மெல்லறவனுக்கு அவல் குடுத்த மாதிரி ஆயிரும்."

"ஏனுங்ண்ணா, நம்ம கட்சித் தொழிற்சங்கம் தொமுசவே வேண்டாம்னு சொல்லுது. நாம சொன்னா மட்டும் தப்பாயிருங்களா? ஊட்டுக்குள்ள சொல்லாம வேற எங்க போயிச் சொல்றதுங்?"

"தலைவருக்குத் தெரியாதா?"

"நாம சொன்னாத்தானுங்ண்ணா தெரியும்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டார்.

ராத்திரி செங்கொடிச் சங்கத்துத் தோழி ஒருத்தி போன் செய்தாள். "இன்னும் எதுக்குங்க்கா அங்க இருக்கறீங்க, எங்க கூட வந்துருங்க" என்றாள். அவள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எங்கள் ஊரில் கழகத்துக்குள் முதலாளியும் இருக்கிறார், தொழிலாளியும் இருக்கிறார். முதலாளிக்குச் சங்கம் இருக்கிறது, சென்னைக்குப் போய்ப் பேச ஆள் இருக்கிறது. எங்களுக்கு வட்டக் கழகத்துத் தீர்மான நோட்டு இருக்கிறது. நாங்கள் எழுந்து போய்விட்டால் அந்த நோட்டில் எழுத யார் இருப்பார்கள்? அவளிடம் இதைத்தான் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

23 ஏப்ரல், ஞாயிறு

அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தலைவருக்குக் கடிதம் எழுதினேன். எழுதி எழுதி அடித்ததில் நாலு தாள் போயிற்று.

அம்மா அந்தக் காலத்தில் பனியன் கம்பெனியில் கைமடி வேலை பார்த்தவர். 1984இல் திருப்பூரில் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்ததே, அப்போது நான் கைக்குழந்தை. கறுப்பு சிவப்புக் கரை போட்ட சீலையைக் கட்டிக்கொண்டு செங்கொடிப் பந்தலில் போய் உட்கார்ந்ததை இன்றைக்கும் சொல்வார். "எவனும் கொடியப் பாத்து எந்திரிச்சுப் போன்னு சொல்லல. ராயிக் களியும் பச்ச மொளகாயுந்தான். ஆனா பஞ்சப்படி வந்துது" என்பார். இன்று கடிதத்தைப் படித்துக் காட்டியபோது ஒரே ஒரு திருத்தம் சொன்னார். "எதிர்க்கிறோம்னு முதல்ல போடாத. எங்க கட்சிங்கறத முதல்ல போடு." போட்டேன்.

கடிதத்தில் பெரியாரைப் பற்றி எழுதினேன். ரஷ்யா போய்விட்டு வந்து 1932இல் அவர் சமதர்மத் திட்டம் போட்டது இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஈரோட்டில். கம்யூனிஸ்ட் தலைவர் சிங்காரவேலர் அதில் அவரோடு நின்றார். மே தினத்தைச் சம்பளத்தோடு லீவாக்கியது கலைஞர் ஆட்சி. கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல் சட்டம் போட்டதும் இதே ஆட்சிதான். அந்தச் சட்டம் வந்த அன்று ஜவுளிக் கடையில் நிற்கிற என் நாத்தனார் போன் செய்து அழுதாள். அப்படிச் செய்த கை இப்படியும் செய்யுமா என்று கேட்டு முடித்தேன்.

பிறகு கையெழுத்துக்குக் கிளம்பினேன். போன ஞாயிறு படிவம் வாங்கின அதே வீதிகள்.

துணி அலசிக்கொண்டிருந்த அக்கா வீட்டில் என்னை உட்காரச் சொல்லவில்லை. "போன வாரம் போட்டுக் குடுத்தேனே, அந்தப் பாரத்தத் திருப்பிக் குடு கண்ணு" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பையிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைக் கிழிக்கவில்லை, நாலாக மடித்து அரிசி டப்பாவின் மூடிக்கு அடியில் வைத்தார். பிறகு என் கடிதத்தை வாங்கி, பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அதில் கையெழுத்துப் போட்டார்.

மொத்தம் 63 கையெழுத்து. அதில் 41 பேர் நம் உறுப்பினர்கள்.

24 ஏப்ரல், திங்கள்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். வரிசை பெரிதாக இருந்ததால் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

ராத்திரி அண்ணன் போன். அமைச்சர்கள் மூன்று பேர் தொழிற்சங்கங்களோடு பேசியிருக்கிறார்கள், மசோதாவை நிறுத்திவைப்பதாக முதல்வர் அறிவித்துவிட்டார் என்றார். என் கடிதம் இன்னும் திருப்பூர்த் தபால் நிலையத்தையே தாண்டியிருக்காது. இருந்தால் என்ன. இந்த மூன்று நாளில் எத்தனை ஊரில் எத்தனை பேர் இப்படி எழுதியிருப்பார்கள்!

27 ஏப்ரல், வியாழன்

மே தினக் கொடியேற்றத்துக்காக வட்டக் கூட்டம். பதினோரு பேர் வந்திருந்தோம்.

நிறுத்திவைப்பு வேறு, வாபஸ் வேறு என்று நான் எழுந்து சொன்னேன். நிறுத்திவைத்ததை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம், முழுக்க வாபஸ் வாங்கச் சொல்லி வட்டக் கழகம் தீர்மானம் போட வேண்டும் என்று கேட்டேன்.

பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிற ஒரு கழகத் தோழர் மறுத்துப் பேசினார். எட்டு பவர் டேபிள் தையல் மிஷின் வைத்திருக்கிறார். "நூல் விலை நிலையா நிக்கறதில்ல. ஆர்டர் குடுக்கறவன் பங்களாதேஷ் ரேட்டக் காட்டிக் காட்டிக் கொறைக்கறான். சரக்கு ஒரு நாள் தாமதமானா ஏர்ல அனுப்பு, காசு உன் தலையிலங்கறான். என் யூனிட்ல நானே பன்னெண்டு மணி நேரம் மிஷின்ல உக்கார்றேன்" என்றார். பொய் சொல்லவில்லை. அவர் மனைவி பிசிறு வெட்டுவதை நானே பார்த்திருக்கிறேன்.

"ஏனுங்ண்ணா, ஆர்டர் குடுக்கறவன் கொறைச்ச காசை எங்க முதுகுல இருந்து எடுக்கறதுக்கு நம்ம அரசாங்கமே சட்டம் போட்டுக் குடுக்கணுங்களா?" என்று கேட்டேன். "நூல் விலைக்கும் சேத்து ஒரு தீர்மானம் போடுங்ணா, நான் மொதக் கையெழுத்துப் போடறேன்."

அவர் கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். அப்புறம் "சரி, ரெண்டையும் எழுதுங்க" என்றார்.

அண்ணன்தான் நோட்டில் எழுதினார். "முழுமையாகத் திரும்பப் பெற வேண்டுமாய்" என்பதற்கு முன்னால் "பணிவுடன்" என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

1 மே, திங்கள்

காலை ஏழு மணிக்கு எங்கள் வீதி முக்கில் கொடி ஏற்றினோம். அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இன்றோடு நூறு வருஷம். 1923இல் இதே நாளில் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தை நடத்தினார். மைக்கில் இதைச் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. யாருக்காவது கேட்டதா தெரியவில்லை, டெம்போ ஒன்று ஆரன் அடித்துக்கொண்டே போனது.

மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் செல்போனைத் தூக்கிக் காட்டினார். சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதல்வர் ஸ்டாலின் பேசியிருக்கிறார். மசோதா திரும்பப் பெறப்பட்டது. இந்தத் தடவை அந்தச் சொல்லே வந்துவிட்டது.

அண்ணன் என்னிடம், "சொன்னீல்ல அம்மணி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மிட்டாய்த் தட்டை வாங்கிக்கொண்டு அவரே வீதிக்குள் போனார்.

பதினோரு மணிக்கு அந்த அக்கா வீட்டுக்கு வந்தார். நாலாக மடித்த படிவம் கையில் இருந்தது, மடிப்பில் கொஞ்சம் அரிசி மாவு. "இந்தா" என்றார். மாவைத் தட்டிவிட்டு மற்ற படிவங்களோடு வைத்தேன். பிறகு அவருக்கும் அம்மாவுக்கும் காப்பி போட்டுக் கொடுத்தேன். ரெண்டு பேரும் 1984 கதையைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள், மதியச் சோறு வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

2 மே, செவ்வாய்

எட்டரைக்கு உள்ளே, எட்டரைக்கு வெளியே. கார்டில் 1½.

மசோதா போய்விட்டது, பன்னிரண்டு மணி நேரம் போகவில்லை. நேற்றைய சந்தோஷம் குறையவில்லை என்றாலும் இன்று மிஷினில் உட்கார்ந்தபோது கால் அதே மாதிரிதான் வலித்தது. வட்டக் கழகத்தின் அடுத்த கூட்டத்துக்கு இரட்டைச் சம்பளத் தீர்மானத்தை எடுத்துப் போகப்போகிறேன். தொழிற்சாலை ஆய்வாளர்கள் பனியன் கம்பெனிகளுக்கு ஆறு மணிக்கு மேல் ஒரு தடவை வந்து பார்க்கட்டும் என்று அதில் கேட்க வேண்டும். ஜாப் ஒர்க் தோழர் இதற்குச் சுலபமாக ஒத்துக்கொள்ள மாட்டார், அண்ணனும் இந்த முறை தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்பிவிடலாம். பேசித்தான் ஆக வேண்டும்.

ஐந்தரைக்கு டீ வந்தபோது பேட்லாக் தம்பி ஸ்டூலை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"அன்னிக்கு ஏதோ அம்பத்தொம்பதுன்னு சொன்னீங்களேங்க்கா, ரெட்டச் சம்பளம்னு. அது என்னங்?"

அவனுடைய கார்டை வாங்கித் திருப்பி, பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். தொழிற்சாலைகள் சட்டம், 1948. பிரிவு 59. சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். டீயைக் குடித்துவிட்டு ரெண்டு பேரும் அரை ஷிப்ட்டுக்கு உட்கார்ந்தோம்.