எண்ணெய் எங்கே ஓடியது?

மார்ச் 4, 2025

நியூஜெர்சி யூனியன் சிட்டியில் மாலை ஆங்கில வகுப்பு. வருகிறவர்கள் பெரும்பாலும் ஈக்வடார், பெரு, டொமினிகன் குடியரசுக்காரர்கள். ரெஸ்டாரன்ட் சமையலறையில் வேலை பார்க்கும் ஒருவர், மேனேஜர் சொன்னதைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்: 'வீ ரன் அவுட் ஆஃப் ஆயில்'. எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இவரோ, எண்ணெய் எங்கே ஓடியது என்கிறார். நியாயமான கேள்வி.

'டாலரேட்', 'போஸ்ட்போன்', 'எக்ஸ்டிங்விஷ்' எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஸ்பானிஷில் தொலெரார், போஸ்போனேர், எக்ஸ்டிங்கிர், வேர் லத்தீன். பொறுத்துக்கொள்வது, தள்ளிப்போடுவது, அணைப்பது என்ற அதே அர்த்தங்களை வினையோடு சின்னச் சொல் ஒட்டி 'புட் அப் வித்', 'புட் ஆஃப்', 'புட் அவுட்' என்றால் விழிக்கிறார். நம் ஊரில் முதல் மூன்றைத்தான் பெரிய இங்கிலீஷ் என்போம்!

மார்ச் 6

மொழியியலாளர் லெனர்ட் டால்மி சொன்ன பாகுபாடு இங்கே உதவுகிறது. ஆங்கிலம் எப்படி நகர்ந்தான் என்பதை வினையில் வைத்து, எந்தப் பக்கம் போனான் என்பதைச் சின்னச் சொல்லிடம் விட்டுவிடும்: 'ரேன் இன்'. ஸ்பானிஷில் திசை வினைக்குள்ளேயே இருக்கிறது: 'என்த்ரோ கொர்ரியெண்டோ', ஓடி நுழைந்தான். அட, தமிழும் இதே கட்சிதான். இன், அவுட், அப் எல்லாம் காதில் விழாமல் நழுவுவது ஏன் என்று இப்போது புரிகிறது.

மார்ச் 11

இன்று மரபுத்தொடர்கள். ஒரே சிரிப்பு. கேலி செய்ய ஆங்கிலக்காரர் காலை இழுக்கிறார், ஸ்பானிஷ்காரர் முடியைப் பிடிக்கிறார். விலை அதிகமென்றால் ஆங்கிலத்தில் கையும் காலும் போகும், ஸ்பானிஷில் முகத்திலுள்ள கண். ஆங்கிலப் பூனைக்கு 9 உயிர், ஸ்பானிஷ் பூனைக்கு 7. பெரு நாட்டு அம்மா ஒருவர் கடைசிவரை ஏழிலிருந்து இறங்கவில்லை. என்னைக் கேட்டால் இவை மெதுவாக வரட்டும். பூனை உயிர் தெரியாததால் யாருக்கும் வேலை போகாது. துடைத்துவிடு என்கிற 'வைப் இட் டவுன்' தெரியாவிட்டால் சிக்கல்.

மார்ச் 18

'பிக் அப் தி பாக்ஸ்' சரி, 'பிக் தி பாக்ஸ் அப்' சரி, 'பிக் இட் அப்' சரி, 'பிக் அப் இட்' மட்டும் தப்பு. கவனித்துக்கொள் என்கிற 'லுக் ஆஃப்டர்' என்றால் நடுவில் எதையும் நுழைக்கக் கூடாது. பாடநூல்கள் 'கெட்' வரிசை, 'புட்' வரிசை என்று அடுக்கித் தருவது எனக்குப் பிடிப்பதில்லை, எல்லாம் குழம்பிவிடும். அதனால் சமையலறைச் சொற்களை மட்டும் எடுத்தோம்: அடுப்பை அணைப்பது, பாத்திரத்தை எடுத்துவைப்பது, ரேடியோவைக் குறைப்பது.

கடைசியில் சமையலறைக்காரர் கேட்டார்: 'டர்ன் டவுன்' என்றால் சத்தத்தைக் குறைப்பது, சரி. அப்புறம் என் மச்சான் ஒரு வேலையை 'டர்ன் டவுன்' செய்தானே, சம்பளத்தைக் குறைத்துக்கொண்டானா? இல்லை, வேலையே வேண்டாமென்று மறுத்துவிட்டான்.