மீட்டரிலிருந்து 40 மீட்டர்

மின்சாரக் கார் வாங்குகிறேன் என்றதும் எல்லோரும் கேட்டது, "கவர்ன்மென்ட் எவ்வளவு தருது?" என்பதுதான். சொந்த உபயோகக் காருக்கு மத்திய அரசு நேரடியாக மானியம் எதுவும் தருவதில்லை. 2019-இல் வந்த ஃபேம்-2 திட்டத்தில் வாடகைக்கு ஓடும் கார்களுக்குத்தான் மானியம். 2024 அக்டோபரில் அதற்கடுத்து தொடங்கிய பிஎம் இ-டிரைவ் மானியத் திட்டத்தில் கார்களே கிடையாது. ஸ்கூட்டர், ஆட்டோ, பஸ், லாரி, ஆம்புலன்ஸோடு சரி. நமக்கு மிச்சமாவது வரியில். ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். தமிழ்நாட்டில் நான் பதிவு செய்தபோது சாலை வரியும் முழு விலக்கு.

பெரிய பணம் தயாரிப்பாளர்களுக்குப் போகிறது. வண்டியும் உதிரிபாகமும் செய்கிறவர்களுக்கான உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு 2021-இல் ஒதுக்கியது 25,938 கோடி. மதிப்பில் பாதியாவது உள்நாட்டில் உருவாகியிருந்தால்தான் அந்த ஊக்கத்தொகை கிடைக்கும். இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, தொழிற்சாலை வந்தால் நல்லதுதான். ஆனால் அந்தக் காரை ராத்திரி எங்கே சொருகுவது என்பது முழுக்க நம் பாடு. தனி வீட்டுக்காரர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. வேளச்சேரியில் அடுக்குமாடியில் இருப்பவனுக்கு இதுதான் விஷயமே.

எங்கள் கட்டடத்தில் மீட்டர் போர்டு முன்பக்கம், என் பார்க்கிங் பின்பக்கம். இடையில் சுமார் 40 மீட்டர். வயர் போக வேண்டிய சுவர், பீம் எல்லாம் எல்லோருக்கும் பொது. ஆகவே சங்கத்தின் சம்மதம் வேண்டும்.

கூட்டத்தில் முதலில் எழுந்தது பயம்தான். "சார், பேட்டரி தீப்பிடிச்சா மேல இருக்கிறவங்க கதி என்ன?" என்றார் முதல் மாடி அம்மா. நியாயமான கேள்வி. 15 ஆம்பியர் பிளக்கில் கார் எடுப்பது ஏறக்குறைய 3 கிலோவாட். குளியலறை கீசரே 2 கிலோவாட் எடுக்கிறது என்று சொன்னேன். கீசர் அரை மணியில் அணைந்துவிடும், கார் விடிய விடிய இழுக்கும் என்பதையும் நானே சொன்னேன். அதனால்தான் இருக்கிற பழைய பாயின்ட்டில் சொருகாமல் தனி வயர் கேட்கிறேன் என்றதும் அவர் கொஞ்சம் தணிந்தார்.

செயலாளர் சார் வேறு மாதிரி. "ரூல் என்ன சொல்லுது?" என்றார். மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். வீட்டிலோ அலுவலகத்திலோ ஏற்கெனவே உள்ள இணைப்பிலிருந்தே வண்டிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. அதைப் படித்த பிறகு பேச்சு 'விடலாமா' என்பதிலிருந்து 'எப்படி விடலாம்' என்பதற்கு நகர்ந்தது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் வேலை செய்ய வேண்டும், செலவு என்னுடையது, வயர் பீம் ஓரமாகவே போக வேண்டும். மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம். நாளைக்கு நிர்வாகிகள் மாறினால் அந்தக் காகிதம்தான் பேசும்.

அப்புறம் என் வீட்டு மீட்டரா, கட்டடத்தின் பொது மீட்டரா என்ற கேள்வி. இதில் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இறங்காதீர்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்தில் 450 யூனிட் போல ஆகும். பில் 1,500 ரூபாய்க்குள். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, இரண்டு மாதத்தில் இன்னும் 320 யூனிட் கூடும். 500-ஐத் தாண்டிய உடனே கீழே உள்ள யூனிட்களின் விலையும் மாறிவிடுகிறது. 2024 ஜூலைக் கட்டணப்படி 101 முதல் 200 வரை 2.35 ரூபாயாக இருப்பது 4.80 ஆகும், 600-க்கு மேலே யூனிட் 9.65. பில் 4,500-ஐத் தாண்டுகிறது. அதாவது காருக்குப் போகும் யூனிட் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 9.70 ரூபாய். 'ஒரு ரூபாயில் ஒரு கிலோமீட்டர்' என்று ஷோரூமில் சொல்வது எனக்கு ஒன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வந்தது. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காரில் ஏழு ரூபாய் ஆவதைப் பார்த்தால் இதுவும் மலிவுதான்.

லிஃப்ட், மோட்டாருக்கான பொது மீட்டரில் எங்களுக்கு யூனிட் 8 ரூபாய்க்கு மேல். என் வீட்டு மீட்டரைவிட அது குறைவு. ஆனாலும் அதைத் தொடவில்லை. பொதுக் கரண்டில் ஒருத்தர் கார் ஓட்டுகிறார் என்ற பேச்சு, என் யூனிட்டைத் தனியாக அளக்க சப்மீட்டர் வைத்தாலும் ஓயாது.

வயரிங்கில் எலக்ட்ரீஷியனுக்கும் எனக்கும் கொஞ்சம் இழுபறி. 2.5 ஸ்கொயர் எம்எம் கனத்தில் வயர் போதும் என்றார். மணிக்கணக்கில் முழு லோடு ஓடும், தூரமும் அதிகம் என்பதால் 4 ஸ்கொயர் எம்எம் செம்பு ஆர்மர்ட் கேபிள்தான் (மேலே இரும்புக் கவசம் உள்ளது) வேண்டும் என்று நின்றேன். லோடு மிஞ்சினால் தானே அணையும் 20 ஆம்பியர் எம்சிபி சுவிட்ச், மின்கசிவு வந்தால் அணைக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, சாதாரண சாக்கெட்டுக்குப் பதில் இண்டஸ்ட்ரியல் சாக்கெட். எர்த் மட்டும் தனிக் கதை. காரோடு வரும் சார்ஜர் எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தால் வோல்ட் ஏகத்துக்கும் காட்டியது. உப்பும் கரியும் போட்டுப் புது எர்த் குழி தோண்டியபின்தான் பச்சை எரிந்தது.

சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர் பெட்டி வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதற்கு 32 ஆம்பியர் லைன், அனுமதிக்கப்பட்ட லோடை உயர்த்த இ.பி.யில் விண்ணப்பம், டெபாசிட் எல்லாம் வரும். 30 யூனிட் பேட்டரியை மணிக்கு மூன்று யூனிட் வீதம் ராத்திரி முழுக்க ஏற்றினால் போதுமே.

சாக்கெட்டை நெஞ்சு உயரத்துக்கு மேலே பொருத்தச் சொன்னேன். 2023 டிசம்பர் வெள்ளத்தை வேளச்சேரியில் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கனமழை எச்சரிக்கை வந்தால் எம்சிபியை இறக்கிவிட்டு, காரை எல்லோரையும்போல மேம்பாலத்தில் கொண்டுபோய் விட வேண்டியதுதான்.

இப்போது மூன்றாம் மாடிக்காரரும் மின்சாரக் கார் முன்பதிவு செய்திருக்கிறார். ஆளுக்கொரு கேபிள் பீமில் தொங்குவதற்குப் பதில் பொதுவாக ஒரு கேபிள் டிரே போடலாம் என்று செயலாளர் சாரே விலை கேட்டுக்கொண்டிருக்கிறார். அதோடு, கட்டடத்தின் மொத்த லோடையும் இ.பி.யில் கேட்டுத் தெரிந்துகொண்டு, சார்ஜிங்குக்கென்றே ஒரு த்ரீ ஃபேஸ் இணைப்பு வாங்கலாமா என்பதை அடுத்த கூட்டத்தில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.