எடுத்ததைத் திருப்பி வைக்கும் வேலை

முதல் மூக்கு அறுவை பெரும்பாலும் எடுக்கிற வேலை. மேட்டைச் சீவுவது, முனையை ஒடுக்குவது, இரு துவாரங்களையும் பிரிக்கும் நடுத்தண்டின் கோணலை வெட்டுவது. இரண்டாம் முறை வருபவருக்கு அநேகமாகக் குருத்தெலும்பைக் கொண்டுவந்து வைக்கிற வேலைதான் மிச்சமிருக்கும். அதனால்தான் "இந்த ஒரு இடத்தை மட்டும் சரி பண்ணிக் கொடுங்க டாக்டர்" என்று தொடங்கும் பேச்சு, கடைசியில் விலாப்பக்கம் போய் நிற்கிறது. மூக்கைக் காட்ட வந்தவரிடம் நெஞ்சில் கீற வேண்டியிருக்கும் என்று சொல்ல, வாய் கொஞ்சம் தயங்கத்தான் செய்யும்.

அதற்கு முன் காத்திருக்கச் சொல்ல வேண்டும். முதல் அறுவை முடிந்து குறைந்தது 12 மாதம். முனைத்தோல் தடித்து எண்ணெய்ப்பசையோடு இருந்தால் 18 முதல் 24 மாதம். ஆறாம் மாதத்தில் மேடாகத் தெரிவது எலும்பா, குருத்தெலும்பா, வெறும் வீக்கமா என்று விரலுக்கே பிடிபடாது. பழுக்காத தழும்புக்குள் கத்தி போனால் ரத்தம் கசியும், அடுக்குகள் பிரியாது. உள்ளே வைத்த சிலிகான் தோலைத் துளைத்துக்கொண்டு தெரிந்தாலோ சீழ் பிடித்தாலோ மட்டும் காத்திருப்பு கிடையாது. அதை அப்போதே எடுத்துவிட்டு, மறுசீரமைப்பைத் தள்ளிப் போடுவதே பத்திரம்.

வருபவர் அழகைப் பற்றித்தான் பேசுவார். மூச்சைப் பற்றி நாம்தான் கேட்க வேண்டும். நடுத்தண்டும் பக்கக் குருத்தெலும்பும் சேருமிடத்தில் மூச்சுப்பாதை மிகவும் குறுகும், அதுதான் உள்வால்வு. அதன் கோணம் சாதாரணமாகவே 10 முதல் 15 டிகிரிதான். மேட்டைச் சீவும்போது பக்கக் குருத்தெலும்பின் பிடிமானம் போனால், அது உள்ளே சரிந்து கோணம் இன்னும் குறுகும். எலும்பின் கீழ் விளிம்பு, முன்பக்கம் பார்க்கையில் தலைகீழ் 'வி' போல நிழலாகத் தெரியும். கன்னத்தை விரலால் வெளியே இழுத்து "இப்போ மூச்சு வருதா?" என்று கேட்கிற சோதனையை அதிகம் நம்ப வேண்டாம், குறையே இல்லாதவருக்கும் அப்போது மூச்சு தாராளமாகத்தான் வரும். மெல்லிய கருவியை உள்ளே விட்டு, சரிந்த இடத்தை மட்டும் லேசாகத் தாங்கிப் பார்த்தால் எந்த இடத்தில் அடைப்பு என்று தெரியும்.

அடுத்தது கையிருப்புக் கணக்கு. நடுத்தண்டில் குருத்தெலும்பு மிச்சமிருக்கிறதா? பஞ்சுக்குச்சியால் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்க்க வேண்டும். சுவர்போல எதிர்த்தால் இருக்கிறது. திரைச்சீலைபோல அசைந்தால் எடுத்தாகிவிட்டது. இருந்தாலும் முழுவதையும் எடுத்துவிட முடியாது. மேலேயும் முன்னேயும் குறைந்தது 10 மில்லிமீட்டர் அகலப் பட்டை நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மூக்கு சேணம்போலக் குழிந்துவிடும். காதின் கிண்ணப் பகுதியில் கிடைப்பது வளைந்தது, மென்மையானது. சுருங்கிய மூக்கு இறக்கைக்கு அந்த வளைவு அருமையாகப் பொருந்தும். ஆனால் முனையைத் தூக்கி நிறுத்தும் தூணாக அதை நம்பினால் சில மாதங்களில் முனை தொங்கிவிடும்.

தூணுக்கு விலாதான். பொதுவாக 6 அல்லது 7ஆவது விலாவின் குருத்தெலும்பு, 3 முதல் 4 செ.மீ. கீறல், பெண்களுக்கு மார்பகத்தின் கீழ்மடிப்பிலேயே தழும்பை ஒளித்துவிடலாம். வயது ஏற ஏறச் சுண்ணாம்பேறி, சீவும்போது பொடிப்பொடியாக உதிரும். எடுத்த பிறகு குழியில் சலைன் ஊற்றி, மயக்க மருத்துவரிடம் நுரையீரலை ஊதச் சொல்லிக் குமிழ் வருகிறதா என்று பார்க்காமல் தையல் போடக் கூடாது. குமிழ் வந்தால் நுரையீரல் உறை கிழிந்திருக்கிறது.

விலாவின் பெரிய சங்கடம், அது வளையும். கிப்சன், டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1958லேயே காரணத்தை விளக்கிவிட்டார்கள்: வெளி அடுக்கின் இழுவிசை ஒரு பக்கம் மட்டும் மிஞ்சினால் துண்டு அந்தப் பக்கம் சாயும். ஆகவே நடுப்பகுதியை எடுத்து, இரு பக்கமும் சமமாகச் சீவ வேண்டும். சீவிய துண்டைச் சலைனில் அரை மணி நேரமாவது போட்டுவைத்து, வளைந்ததைத் திரும்பச் சீவ வேண்டும். மேசையில் அவசரப்பட்டால் அந்த அரை மணி நேரம் ஆறு மாதம் கழித்து மூக்கின் மேல் கோணலாகத் தெரியும்.

பெரும்பாலும் திறந்த முறைதான், அதாவது துவாரங்களுக்கு நடுவே கீறி முனைத்தோலைத் தூக்குவது. பழைய தழும்பின் வழியாகவே நுழைவோம். 1:1,00,000 அட்ரினலின் கலந்த மரப்பு மருந்தைப் போட்டுப் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். முதல் அறுவையில் ஊசி மருந்தே தோலைப் பிரித்துக் கொடுத்துவிடும். இங்கே தழும்பு அதை விடாது, மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் போக வேண்டும். முனையில் தோல் ஓட்டையானால் அதற்கு நல்ல ஈடு கிடையாது. உள்ளே சரிந்த வால்வுக்கு, அமெரிக்க அறுவை மருத்துவர் ஜாக் ஷீன் 1984இல் எழுதிய ஸ்ப்ரெடர் கிராஃப்ட்தான் இன்றும் கைகொடுக்கிறது: நடுத்தண்டுக்கும் பக்கக் குருத்தெலும்புக்கும் நடுவே தீக்குச்சிபோல நீளத் துண்டு, இரண்டு பக்கமும். கிளிமூக்குபோல முனைக்கு மேல் புடைத்திருந்தால் கத்தி எடுக்குமுன் காரணம் பார்க்க வேண்டும். குருத்தெலும்பு மிஞ்சியிருந்தால் சீவலாம். முனை தொங்கியிருந்தால் தூக்க வேண்டும். வெறும் தழும்பு என்றால் ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி சிறு அளவில், ஆழத்தில். தோலுக்குள் போட்டால் தோல் மெலிந்து குழி விழும்.

மூடும்போதுதான் ஆசையின் விலை தெரியும். முனையை நிறைய உயர்த்தியிருந்தால் தோல் எட்டாது. இழுத்துத் தைத்தால் வெளுக்கும். வெளுத்த தோலை நாளைக்குச் சரியாகிவிடும் என்று விடக் கூடாது, தையலைப் பிரித்து கிராஃப்ட்டைக் குறைக்க வேண்டும். புகைப்பவர் நான்கு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வதும் இதே தோலுக்காகத்தான். மூக்கை அசையாமல் பிடிக்கும் ஸ்பிளின்ட் ஏழு நாள். கண்ணாடி மூக்கில் உட்கார நான்கு முதல் ஆறு வாரம்.

சம்மதப் படிவத்தில் காது, விலா இரண்டையும் எழுதி வாங்குவதும், பஞ்சுக்குச்சி எவ்வளவு நம்பிக்கை கொடுத்திருந்தாலும் மார்பையும் கழுவித் துணி விரித்தே தொடங்குவதும் நல்லது. நடுத்தண்டைத் திறந்து பார்த்தால், சுவர்போல எதிர்த்தது வெறும் தழும்பாக இருப்பதுண்டு.