ரோஸ் ஹில்லில் அடுத்த மேனேஜர்

2024 ஜனவரியில் மொரீஷியஸில் வந்து இறங்கியபோது, ஃபுட்பால் என்றால் எனக்குப் பள்ளிக்கூடத்து பி.டி. பீரியட்தான். மதுரைக்காரனுக்கு கிரிக்கெட் போதும். எபெனில் ஒரு கம்பெனியில் வேலை. இரண்டு வாரம் ஹோட்டல் என்று சொல்லி வரவழைத்தவர்கள் ஐந்தாம் நாளே அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்த அவசரத்தில் கிடைத்தது ரோஸ் ஹில்லில் ஒரு வீட்டு மாடி. கீழே வீட்டுக்காரர், அறுபத்தெட்டு வயது, தமிழர். ஐயா என்பதா, மாமா என்பதா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தபோது அவரே "தோந்தோன்" என்று கூப்பிடச் சொல்லிவிட்டார். இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான்.

இங்கே தமிழர் என்றால் எப்படி என்று பிடிபடவே எனக்குச் சில மாதம் ஆனது. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. நோட்டை நீட்டுகிறவருக்கு அதைப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். முருங்கைக் கீரைக்கு 'ப்ரெத் மூரூம்', பீர்க்கங்காய்க்கு 'பிபங்காய்', கறிவேப்பிலைக்கு 'கரிபூலே'. கையைச் சுட்டுக்கொண்டால் இந்தத் தீவில் எந்தச் சாதிசனமும் கத்துவது "அயோ!" தோந்தோன் தேவாரத்தில் நாலு பாட்டு மனப்பாடமாகச் சொல்வார். "சாப்பிட்டியா?" என்று கேட்டால் முழிப்பார். அவர் மகள் ஆரம்பப் பள்ளியில் தமிழ் டீச்சர். அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் பேசுவது பாடப்புத்தகத் தமிழ். முதல் நாள் காலை, "தாங்கள் காலை உணவு உண்டீர்களா?" என்றார். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் மரியாதை கொஞ்ச நாளில் சலித்துவிடும். நல்ல நாற்காலி எனக்கு, முதல் தட்டு எனக்கு, அப்புறம் எல்லோரும் கிரியோலில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நான் சிரித்துக்கொண்டே இருப்பேன். கன்னம் வலிக்கும்.

சனிக்கிழமை ராத்திரிகளில் கீழே சத்தம் வரும். முதல் தடவை அடிதடி என்றே நினைத்து ஓடினேன். மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டம். அப்பாவும் மகளும் யுனைடெட், மருமகன் லிவர்பூல். 2020இல் மொரீஷியஸ் நாடே லிவர்பூலோடு சுற்றுலா விளம்பர ஒப்பந்தம் போட்டது. மருமகன் அதை இன்றுவரை சொல்லிக்காட்டுவார், மாமனார் இன்றுவரை முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எங்கேயோ இங்கிலாந்தில் இருக்கிற டீமுக்கு எதற்கு இவ்வளவு என்று ஒருநாள் கேட்டேன். தோந்தோன் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. அப்புறம் அக்கா வழியாகச் சொன்னார். அவர் சின்ன வயதில் இங்கே கிளப்புகளின் பெயரே ஹிந்து கேடட்ஸ், முஸ்லிம் ஸ்கவுட்ஸ், தமிழ் கேடட்ஸ். பின்னால் பெயர்களை மாற்றினார்கள், கேலரியில் உட்காருகிறவர்கள் மாறவில்லை. 1999 மே 23, ஞாயிற்றுக்கிழமை, அஞ்சலே ஸ்டேடியத்தில் ஃபயர் பிரிகேட் என்ற கிளப்புக்கும் ஸ்கவுட்ஸுக்கும் பட்டத்தைத் தீர்மானிக்கிற ஆட்டம். அது முடிந்து கலவரம் மூண்டது. போர்ட் லூயிஸில் லாமிக்கால் என்ற சூதாட்ட விடுதிக்குத் தீ வைக்கப்பட்டு ஏழு பேர் செத்துப்போனார்கள். லீக் நின்றது. திரும்பி வந்தபோது இனம் போய் ஊர் பெயரில் கிளப்புகள் வந்தன. அது சரிதான். ஆனால் கூட்டம் திரும்பவில்லை, இவரும் அதற்கப்புறம் மைதானத்தில் கால் வைக்கவில்லை.

அதே வாரம் புதன்கிழமை, மே 26, பார்சிலோனாவில் யுனைடெட்டுக்கு சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கோப்பை. இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. பேயர்ன் மியூனிக் ஒரு கோல் முன்னால். காயத்துக்கான கூடுதல் நேரத்தில் யுனைடெட்டின் ஷெரிங்ஹாம் ஒன்று, சோல்ஷ்யார் ஒன்று. சோல்ஷ்யார் காலை நீட்டியது எப்படி என்று சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவை வைத்து இப்போதும் காட்டுவார். டப்பா மூடி இரண்டு தடவை கழன்று என் தட்டில் விழுந்திருக்கிறது. அதே சோல்ஷ்யார் பின்னால் யுனைடெட்டுக்கு மேனேஜராக, அதாவது தலைமைப் பயிற்சியாளராக, வந்து தடுமாறியபோது ஊரே திட்டியது. தோந்தோன் மட்டும் வாயைத் திறக்கவில்லையாம்.

இனி 2024 அக்டோபருக்கு வருகிறேன். 27ஆம் தேதி ஞாயிறு, வெஸ்ட் ஹாமிடம் 2-1 தோல்வி. கடைசி நேரத்தில் வி.ஏ.ஆர். என்கிற வீடியோ நடுவர் பார்த்துக் கொடுத்த பெனால்டி, போவன் அடித்தார். ஒன்பது ஆட்டம், 11 புள்ளி, பதினாலாவது இடம். மறுநாள் மேனேஜர் எரிக் டென் ஹாக்கை நீக்கிவிட்டார்கள். ஆபீஸில் இருந்த எனக்கு தோந்தோனிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அயோ." அவ்வளவுதான். சந்தோஷமா துக்கமா என்று தெரியவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தால் இரண்டும்.

அன்று ராத்திரி வராந்தாவில், அடுத்த மேனேஜர் யார் என்று பெரிய சபை. அக்காவுக்கு ரூபன் அமோரிம்: "முப்பத்தொன்பது அகவையே ஆன இளைஞர், போர்த்துகல் நாட்டின் ஸ்போர்ட்டிங் கழகத்துக்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் பட்டம் பெற்றுத் தந்தவர்." எதிர்வீட்டுச் சீனக் கிழவருக்கு வான் நிஸ்டல்ராய். தற்காலிகமாக உட்கார்ந்தவரையே நிரந்தரமாக்கு, யுனைடெட்டுக்கு 150 கோல் அடித்த கால் அது என்றார். மருமகன் விஷமத்துக்கு இங்கிலாந்து அணியின் முன்னாள் மேனேஜர் சவுத்கேட் பெயரைச் சொல்லி ஒரு செருப்படியில் தப்பினார். தோந்தோனுக்கு ஜிடான்தான். காரணம் கேட்டால், பத்திரிகையாளர் சந்திப்பைப் பிரெஞ்சில் அப்படியே கேட்கலாமாம். மேனேஜர் தேர்வுக்கு இதைவிட நேர்மையான காரணம் நான் கேட்டதில்லை.

என் பக்கம் திரும்பினார்கள், மரியாதைக்குத்தான். நான் மத்தியானம் முழுக்க ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு இதைத்தான் படித்திருந்தேன். அமோரிம் நல்லவர்தான், ஆனால் அவர் ஆடவைப்பது மூன்று டிஃபெண்டர் முறை, இங்கே இருக்கிற ஆட்கள் நாலு டிஃபெண்டருக்கு வாங்கியவர்கள், ஓரத்தில் ஓடுகிற கர்னாச்சோவையும் ராஷ்ஃபோர்டையும் எங்கே நிறுத்துவது என்று கேட்டேன். சீசன் நடுவில் இதைச் செய்வது கான்கிரீட் போடுகிற அன்றைக்கு மேஸ்திரியை மாற்றுவது மாதிரி என்றும் சொன்னேன். அக்கா மேஸ்திரிக்குச் சொல் தேடிக் கொஞ்சம் திணறி மொழிபெயர்த்தார்.

தோந்தோன் எழுந்துவிட்டார். ஃபெர்குசன் யுனைடெட்டுக்கு மேனேஜராக வந்ததும் 1986 நவம்பரில், சீசன் நடுவில்தான்! முதல் லீக் பட்டம் 1993இல்! பாவம், அவருக்கு அடுத்து வந்த மோயஸுக்கு பத்து மாதம்கூடக் கொடுக்கவில்லை! என் மூக்குக்கு நேராக விரல். "ட்வா தோ பா கோன் நான்யே!"

கிரியோலில் 'ஊ' என்றால் நீங்கள், 'தோ' என்றால் நீ. ஒன்பது மாதமாக எனக்கு 'ஊ'தான். அக்கா கடமை தவறாமல் மொழிபெயர்த்தார்: "தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அப்பா கூறுகிறார்." தேவையே இல்லை, எனக்குப் புரிந்திருந்தது. நானும் குரலை ஏற்றினேன். அன்றைக்கு நல்ல நாற்காலியில் சீனக் கிழவர் உட்கார்ந்திருந்தார் என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

புதன்கிழமை ராத்திரி, மறுநாள் தீபாவளி. அடுப்படியில் காத்தோ பத்தாத். நம் சோமாசுக்கு ஒன்றுவிட்ட தம்பி: மைதா மட்டும் போதாது, சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்து மசித்துச் சேர்த்துப் பிசைய வேண்டும். உள்ளே தேங்காய், சர்க்கரை, ஏலக்காய். பாதிநிலாவாக மடித்து ஓரத்தை முள்கரண்டியால் அழுத்த வேண்டும். கிழங்கில் ஈரம் கூடினால் மாவு கையோடு வரும், ஓரம் சரியாக ஒட்டவில்லையென்றால் எண்ணெயில் வாயைப் பிளக்கும். நான் மடித்ததில் நாலு பிளந்தது. பதினொன்றே முக்காலுக்கு லெஸ்டரோடு லீக் கப் ஆட்டம். மாவுக் கையோடு பார்த்தோம். வான் நிஸ்டல்ராய் தலைமையில் 5-2. எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது, "நான் சொன்னேனா இல்லையா" என்று கிரியோலில் ஒரு குரல். காலையில் அந்தப் பிளந்த நாலையும் அவர் தட்டில்தான் வைத்துக் கொடுத்தோம்.

வெள்ளிக்கிழமை அமோரிம் என்று அறிவித்தார்கள், நவம்பர் 11ஆம் தேதி பொறுப்பேற்பார் என்று. அன்றைக்குப் பார்த்து ஃபேஸ்புக் திறக்கவில்லை. தேர்தல் நேரம். தொலைபேசி ஒட்டுக்கேட்பு ஒலிப்பதிவுகள் கசிந்துகொண்டிருந்ததால் அரசு சமூக ஊடகங்களையே முடக்கச் சொல்லியிருந்தது. மறுநாள் தடையை எடுத்துவிட்டார்கள். தோந்தோன் அந்த ஒரு நாளும் தன் போன்தான் கெட்டுவிட்டது என்று அணைத்து அணைத்துப் போட்டார். காரணம் தெரிந்ததும் வந்த கோபத்தில் ஜனநாயகம் பாதி, அமோரிம் பாதி.

10ஆம் தேதி ஞாயிறு வாக்குப்பதிவு. எனக்கு ஓட்டு இல்லை. காலையில் வீட்டோடு கிளம்பி ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள். சாயங்காலம் வான் நிஸ்டல்ராயின் கடைசி ஆட்டம், மறுபடி லெஸ்டர், 3-0. மறுநாள் இங்கே ஓட்டு எண்ணிக்கை. ஆளுங்கட்சிக்கு மொரீஷியஸ் தீவின் 60 இடங்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ராத்திரி முழுக்க கார் ஹாரன்.

செவ்வாய்க்கிழமை காலை பூரிக்காரரிடம் வரிசையில் நின்றேன். இவர்கள் 'டோல் பூரி' என்கிற பருப்புப் பூரியை வந்த புதிதில் 'தோல் பூரி' என்று கேட்டு ஒரு மாதம் பயந்து சாப்பிடாமல் இருந்தவன் நான். எனக்கு முன்னால் நின்றவர், "நூவோ பத்ரோன் ஃபின் வினி" என்றார். புது முதலாளி வந்தாச்சு.

"எந்த ஊருக்கு? இங்கேயா, மான்செஸ்டருக்கா?" என்று என் ஓட்டைக் கிரியோலில் கேட்டேன்.

பூரிக்காரர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வழக்கம்போல ஒரு ஜோடியை எடுத்துக் கறி தடவிச் சுருட்டிக்கொண்டே, "டூலெடே" என்றார். இரண்டும்தான். அப்புறம், "பிமான்?" மிளகாய் வைக்கவா?