சும்மா நிற்கும் நகர மையம்

1999இல் வெளிவந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டை முகமறியாத எதிராளிகளோடு இணையத்தில் ஆடத் தொடங்கிய பிறகுதான், நிகழ்நேர வியூக விளையாட்டில் வெற்றி தோல்வி போர்க்களத்துக்கு வெகுமுன்னரே, அடுப்படியில் தீர்மானமாகிவிடுகிறது என்பதை உணர்ந்தேன். பெரும்பாலான நாகரிகங்களுக்குத் தொடக்கத்தில் கிடைப்பது மூன்று கிராமத்தாரும் 200 உணவும்தான். புதிதாக ஒருவரை உருவாக்க 50 உணவும் 25 நொடியும் ஆகும் என்பதால், ஆட்களை உருவாக்கும் கட்டடமான நகர மையம் ஒரு நிமிடம் சும்மா நின்றாலே இரண்டு ஆட்கள் குறைந்துபோகிறார்கள். உணவுக்காகக் காட்டுப்பன்றியை அம்பெய்து சீண்டி, அது துரத்தத் துரத்த நகர மையம் வரை ஓடிவரச் செய்யும் வித்தை எனக்கு இன்றும் கைகூடவில்லை. பன்றியைக் கவனித்தால் வீடு கட்ட மறக்கிறேன், வீட்டைக் கவனித்தால் ஆள் செத்துக்கிடக்கிறார். அடுத்த யுகத்துக்கு முன்னேற வேண்டிய 500 உணவை நான் சேர்ப்பதற்குள், எதிராளியின் குதிரைவீரன் என் விறகுவெட்டிகளைச் சுற்றத் தொடங்கியிருப்பான்.