காலிக் கோட்டையில் ஒரு பிளேன்டீ

இலங்கையின் தென்கரையில் இருக்கும் காலி என்ற ஊரின் ரயில் நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச தூரத்தில் கிரிக்கெட் மைதானம், அதன் பின்னால் கோட்டைச் சுவர். 2004 சுனாமியில் அந்த மைதானம் சின்னாபின்னமானது. சுவருக்குள் இருந்த வீடுகள் பெரும்பாலும் தப்பின. அதைத் தெரிந்துகொண்டு தொட்டால் அந்தக் கல் வேறு மாதிரி இருக்கிறது. சுவரில் பவளப் பாறைத் துண்டுகள், பூப்பூவாகத் துளைகளோடு.

பெரிய வாசல் ஆங்கிலேயர் 1873-இல் திறந்தது. நான் பழைய வாசலுக்குப் போனேன். வெளிப்பக்கம் பிரிட்டிஷ் அரச முத்திரை. உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம்: 1669, இரண்டு சிங்கங்கள், உச்சியில் ஒரு சேவல். போர்த்துக்கீசிய மொழியில் சேவலுக்கு 'காலோ' என்று பெயர். அதை ஊர்ப் பெயரோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். 1588-இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய கோட்டையை 1640-இல் டச்சுக்காரர் பிடித்துப் பெரிதாக்க, 1796-இல் அது ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

கலங்கரை விளக்கத்துக்கு எதிரே வெள்ளை வெளேரென்று ஒரு கட்டடம். தேவாலயம் என்றே நினைத்தேன். கிட்டப் போனால்தான் பிறை தெரிகிறது. மீரான் பள்ளிவாசல். பக்கத்துத் திண்ணையில் இருந்த பெரியவர், "எங்க ஈந்து வாரீங்க, மகன்?" என்றார். தமிழ்! மதுரை என்றதும் உள்ளே குரல் கொடுத்தார். இஞ்சி தட்டிப் போட்ட, பால் விடாத பிளேன்டீ வந்தது.

எனக்கு முந்தைய நாள் கொழும்பு அருங்காட்சியகத்தில் பார்த்த கல்வெட்டு நினைவுக்கு வந்தது. சீனக் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்தது, 1409 என்ற தேதியிட்டது. சீனத்தில் புத்தருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு, தமிழில் தெனாவரை நாயனார் என்ற இந்துக் கடவுளுக்குக் காணிக்கை. எங்கிருந்தோ வந்த கப்பல்காரர் இந்தக் கரையில் பேச வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழை எண்ணியிருக்கிறார். 1911-இல் இதே காலியில், வடிகால் மூடியாகக் குப்புறக் கிடந்த நிலையில் அதைக் கண்டெடுத்தார்கள். தேய்ந்த எழுத்துகளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றிருந்தேன்.

பெரியவரிடம் சொன்னேன். "அந்தக் கல்ல இங்கயே வெச்சீந்தா நல்லம்," என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். பாங்கு கேட்டதும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நான் சுவர்மேல் ஏறிக் கடலைப் பார்க்கப் போனேன்.