மனத்தில் நினைத்தது சந்தைக்கே கேட்டது

மெய்நிகர் உலகில் ஆங்கிலம் பேசிப் பழகும் மாணவர், வாய் திறப்பதற்கு முந்தைய கணத்தில் மனத்துக்குள் என்ன செய்கிறார்? என் முனைவர் பட்ட ஆய்வின் கேள்வி இதுதான். களமாக, திரை உருவம் ஒன்றை எடுத்துக்கொண்டு பிறரோடு பேசிப் பழகும் முப்பரிமாண இணைய உலகமான செகண்ட் லைஃபைத் தேர்ந்தெடுத்தேன். தரவு சேகரிக்க ஒன்றரை ஆண்டு ஆனது. அதில் பாதி என் அசட்டையின் விலை.

முதலாண்டு மாணவர்களைச் சேர்த்தது முதல் தவறு. 7 பேருக்கு 18 வயது நிறையவில்லை என்பதைப் படிவம் நிரப்பும்போதுதான் கவனித்தேன். 16, 17 வயதினர் அங்கே 'பொது' எனத் தரம் பிரித்த இடங்களுக்கு மட்டுமே போகலாம். மாணவர்கள் ஆங்கிலத்தில் பேசிப் பழக நான் அங்கே தேடிப் பிடித்து வைத்திருந்த மெய்நிகர் சந்தையோ அதற்கு மேற்பட்ட தரம். பெற்றோர் கையெழுத்தும் வேண்டும் என்றது நெறிமுறைக் குழு. ஒரு மாணவனின் அப்பாவைப் பார்க்க இரண்டு பஸ் மாறிப் போனேன். "விளையாட்டுக்கு எதற்குக் கையெழுத்து? நாளைக்கு எதிலாவது மாட்டிவிடுவீர்களா?" என்று கேட்டு, காபி கொடுத்து அனுப்பிவிட்டார். காபி நன்றாகவே இருந்தது. இரண்டாமாண்டு மாணவர்களை வைத்து மறுபடி தொடங்கினேன். ஆய்வகத்து ஃபயர்வால் ஒரு வாரம் தின்றது.

பிறகு முன்னோட்டம். உளவியல் ஆய்வாளர்கள் எரிக்சனும் சைமனும் 1980இல் எழுதிய கட்டுரைக்குப் பின் பரவலான 'உரக்கச் சிந்தித்தல்' முறையை நம்பி இறங்கினேன்: மனத்தில் ஓடுவதை அப்படியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஹெட்செட்டில் இருந்ததோ ஒரே மைக். "ஐயோ, ஹவ் மச்சா, ஹவ் மெனியா? இந்த மனிதர் வேறு முறைக்கிறாரே" என்று மாணவி தமிழில் சிந்தித்தது சந்தை முழுவதும் கேட்டது. அது எந்த மொழி என்று யாரோ தட்டச்சில் விசாரித்தார். அவள் அதன் பிறகு எந்த மொழியிலும் பேசவில்லை.

மைக்கைப் பொத்தான் அழுத்தினால் மட்டும் இயங்கும்படி மாற்றிப் பார்த்தேன். அப்போதும், வார்த்தைக்குத் திணறும் இடத்தில் சிந்தனைப் பேச்சு நின்றுவிடும். எனக்கு வேண்டியதே அந்த இடம்தான்.

கடைசியில் நெறியாளர் சொன்னபடி, திரையைப் பதிவு செய்து அன்றே மாணவரிடம் போட்டுக் காட்டினேன். மறுநாளுக்குத் தள்ளினால் நினைவு கதையாகிவிடுகிறது. மவுஸ் மாணவர் கையில் இருக்கட்டும். எங்கே நிறுத்துவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். 'ஏன் அப்படிச் சொன்னாய்?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தேர்வுக்குப் பதில் எழுதுவதுபோல் இலக்கண விளக்கம் வந்து விழும். 'அப்போது மனத்தில் என்ன ஓடியது?' போதும்.

ஒரு மாணவனின் 9 விநாடி மௌனத்தை 'சொல் தேடல்' என்று குறித்து வைத்திருந்தேன். பதிவைப் பார்த்துச் சிரித்தான். "சொல் தயாராக இருந்தது. என் அவதார், அதாவது திரையில் என் உருவம், எதிரில் பேசியவருக்கு முதுகைக் காட்டி நின்றது. அப்படியே பேசினால் மரியாதையாக இருக்காதே என்று திருப்பிக்கொண்டிருந்தேன்" என்றான்.

அந்தக் குறியை அடித்துவிட்டு, மற்ற 40 மௌனங்களையும் முதலிலிருந்து பார்க்க உட்கார்ந்தேன்.